மத்தியான மணி

எஸ்ப்ளாங்க்னிஸ்தே. உதடு அசையாமல், நாக்கை மட்டும் உள்ளே புரட்டி, போதகர் ஞானாபரணம் ஐயர் அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் நடத்திய வருஷங்களில் எந்த மாணவனுக்கும் முதல் முயற்சியில் இது வாயில் நுழைந்ததில்லை. எச்சில் தெறிக்கும், பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பும், அவர் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, சொல்லத் தெரியாதவனையே மறுபடியும் எழுப்பி நிறுத்துவார். மனதுருகி என்று நம்முடைய வேதாகமம் அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. மனம் எங்கிருந்து வந்தது இதற்குள்? இதில் மனமும் இல்லை, உருகுவதும் இல்லை. ஸ்ப்ளாங்க்னா என்றால் ஈரல், நுரையீரல், குடல். பழைய கிரேக்கர்கள் பலிமிருகத்தை அறுத்த சூட்டில் முதலில் வெளியே எடுத்து வாட்டித் தின்ற உள்ளுறுப்புகள். நாயீன் ஊர் வாசலில் ஒரு விதவையின் ஒரே மகனைப் பாடையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், ஆண்டவர் அவளைப் பார்க்கிறார், குடல் புரள்கிறது. லூக்கா எழுதியது அவ்வளவுதான். நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தப் பகுதிதான் வந்திருக்கிறது. இதைத் தயாபுரம் சபைக்கு எப்படிச் சொல்வது என்று சனிக்கிழமை காலைப் பலகாரம் முடித்ததிலிருந்து அவர் குருமனையின் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்றும் இருக்கிறது, இந்தப் பக்கத்து ஐயர்மார் ஒருவருக்கும் கண்ணில் படாதது. மூலத்தில் அந்தச் சொல் முற்று. வாக்கியத்தின் கனம் முழுவதையும் தாங்கி நிற்கிற வினைமுற்று. தமிழில் அதை மனதுருகி என்று எச்சமாக்கி, நிற்கவிடாமல் அடுத்த வினைக்கு ஓடவைத்துவிட்டார்கள். வடிவமோ செயப்பாட்டு வடிவம். அவர் உருகவில்லை, உருக்கப்பட்டார். அவர் செய்தது அல்ல, அவருக்குள் நடந்தது. இதைச் சொன்னால் கோயிலில் யாருக்கு விளங்கும், முன்வரிசையில் செயலாளர் பொன்னுத்துரை கண்ணை மூடி ஜெபிக்கிற பாவனையில் தூங்குவார், பெண்கள் பக்கத்தில் யாராவது கொட்டாவியை முந்தானையில் மறைப்பார்கள். பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார். ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் மாசிலாமணி இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

மாசிலாமணி இந்தக் கோயிலின் கோயில்குட்டியார். பெருக்குவது, பாய் விரிப்பது, விளக்கேற்றுவது, மணியடிப்பது எல்லாம் அவர். இப்போது மணிக்கூண்டின் அடியில், கயிறு கைக்கு எட்டும் தூரத்தில், கயிற்றைத் தொடாமல் நிற்கிறார். அப்படித் தொடாமல் நிற்பதுதான் ஐயருக்கு எரிச்சலாக இருந்தது. தொட்டிருந்தால் அதட்டியிருக்கலாம். மாசிலாமணியின் மகன் ரூபன் நேற்று விடியலில் தோட்டத்துக் கிணற்றில் கிடந்தான். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து உடலை இன்று காலை கொண்டுவந்து வீட்டில் வைத்திருக்கிறார்கள், மதியத்துக்குமேல் வைத்திருக்க முடியாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். தயாபுரத்தில் சாவுக்கு ஒற்றை மணி. ஓர் அடி, பிறகு வாய்க்குள் பரமண்டல ஜெபம் முழுவதையும் சொல்லி முடிக்கிற இடைவெளி, பிறகு அடுத்த அடி. தன் மனைவி காய்ச்சலில் போனபோதுகூட மாசிலாமணிதான் அடித்தார், வேறு ஆள் பார்க்கலாம் என்று சொன்னதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, ஒரு ஜெபத்தையும் முழுங்காமல் அடித்து முடித்து, ஓடிப்போய்ப் பெட்டிக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார். ஆனால் தானாக உயிரை விட்டவர்களுக்கு மணி கிடையாது. பெட்டி கோயிலுக்குள் வராது. ஐயர் அங்கி மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க மாட்டார். கல்லறைத் தோட்டத்தில் மேற்குச் சுவரோரமாக, கள்ளி மண்டிய பக்கத்தில், ஜெபமில்லாமல் மண்ணைத் தள்ளுவார்கள். யார் எப்போது ஏற்படுத்திய வழக்கம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் ஒருவரும் மீறியதில்லை. எது தானாகப் போன சாவு, எது தவறிப்போன சாவு என்று சொல்ல வேண்டியவர் ஐயர். காலையில் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று மாசிலாமணி கேட்டதும் அதைத்தான். “இருட்டுல மோட்டார் போடப் போனவன்யா. கால் தவறிட்டுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மணிய நானே அடிச்சுக்கிடுவேன்.” அழவில்லை. அழுதிருந்தால் தோளைத் தட்டி, ஆறுதலாக ஒரு வசனம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அழாத ஆளை என்ன செய்வது? கழுத்தில் நரம்பு மட்டும் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது, ஐயர் அதையே பார்த்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்று அந்த நரம்பு கேட்டது போலிருந்தது. சரிங்கய்யா என்று போனவர் வீட்டுக்குப் போகவில்லை, நேரே மணிக்கூண்டுக்குப் போய் நின்றுவிட்டார்.

பின்னாலேயே பொன்னுத்துரை குடையை மடக்கிக்கொண்டு வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் வகுப்பில் சொல்வது போல இரண்டு தடவை சொல்வார், முதல் தடவை மரியாதையாக, இரண்டாவது தடவை மரியாதை இல்லாமல். எப்போதும் உள்ள வழக்கத்தை விட்டுவிட வேண்டாம் என்றார் முதலில். கோயில் வேலைக்காரன் என்பதற்காக ஒரு நியாயம் வைத்தால் சபை என்ன நினைக்கும் என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: “எங்க கொழுந்தியா போனப்ப இந்த மணி அடிக்கலய்யா. வாயப் பொத்திக்கிட்டு சுவரோரமாத்தான் கொண்டு வச்சோம். இப்ப குட்டியார் மவனுக்கு அடிச்சா, அன்னைக்கு நாங்கெல்லாம் கேணப்பயலுவளாய்யா?” அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அவமானம் எல்லாருக்கும் ஒரே அளவாகப் பங்கிடப்பட வேண்டும் என்கிற நியாயம். போகும்போது பொன்னுத்துரை வாசலில் நின்று, நீங்கள் கல்லூரிக்குத் திரும்பப் போகிற விஷயம் எந்த அளவில் இருக்கிறது, மச்சானிடம் நானும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன் என்றார். மச்சான் திருமண்டலக் கமிட்டியில் இருக்கிறார், இடமாற்றங்களெல்லாம் அவர் கையெழுத்துக்குத்தான் போகும். எல்லாரும் ஒரு வார்த்தைதான் கேட்கிறார்கள், ஒரு வார்த்தைதான் தருகிறேன் என்கிறார்கள். அந்தக் கல்லூரி நூலகத்தின் வாசனை, பழைய அகராதிகளின் தோல் அட்டை, மழைநாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வினைச்சொல்லை அது பிறந்த இடம்வரை துரத்திக்கொண்டு போகிற சுகம். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் அதைக் கேட்பது தப்பா? இங்கே, இந்தச் செம்மண் தேரிக்குள், வாரத்துக்கு ஒரு கல்யாணமும் ஒரு சண்டையும் தீர்த்துவைத்துக்கொண்டு, அசன விருந்துக்கு எத்தனை ஆடு என்று கமிட்டியில் உட்கார்ந்து பேசிக்கொண்டு. நியாயப்படி அவர் இப்போது கோபப்பட்டிருக்க வேண்டும், பொன்னுத்துரையை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். ஐயர் குடையை எடுத்துக் கொடுத்தார்.

எஸ்ப்ளாங்க்னிஸ்தே. இந்தச் சொல்லை ரூபனும் கேட்டிருக்கிறான். போன வாரம், ஒரு வேலைநாள் சாயங்காலம், இதே அறையில், இதோ இந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவன், வேலை போய் ஊருக்கு வந்து வருஷமாகப்போகிறது, அப்பாவுக்குத் துணையாகத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறான் என்று சொல்லிக்கொண்டார்கள். ஐயாகிட்ட ஒரு விஷயம் பேசணும் என்று வந்தான். உட்காரு என்றார். நாலைந்து தடவை தொண்டையைச் செருமினான், ஆரம்பிக்கவில்லை, மேசைமேல் விரிந்திருந்த புத்தகத்தைப் பார்த்து, இது என்ன எழுத்துய்யா என்று கேட்டான். மரியாதைக்குக் கேட்டான். பேசுவதற்கு வழி தேடிக் கேட்டான். அது அப்போதே தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது என்று சொல்ல முடியாது, தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஊருக்கு வந்தபிறகு முதல்முறையாக ஒருவன் அந்த எழுத்து என்ன என்று கேட்டிருக்கிறான்! ஐயர் ஆரம்பித்தார். விளக்கு வைக்கும்வரை சொன்னார். பலிமிருகத்திலிருந்து தொடங்கி, கவிஞர்கள் அதைத் துணிச்சலுக்கும் கோபத்துக்கும் சொன்னது, யூதர்களின் கையில் அது இரக்கமாக மாறியது, முதல் மூன்று சுவிசேஷங்களுக்கு வெளியே புதிய ஏற்பாட்டில் அந்த வினை எங்கும் வராதது, வருகிற இடங்களிலும் ஆண்டவரையும் அவர் சொன்ன கதைகளின் மனிதர்களையும் தவிர வேறு யாரும் அதற்கு எழுவாயாக இல்லாதது. பேதுருவுக்குக் குடல் புரளவில்லை. யோவானுக்குப் புரளவில்லை. சீஷன் எவனுக்கும் அப்படி நடந்ததாக ஒரு வரி இல்லை. கவனித்தாயா? ரூபன் கவனித்தான். முழங்கால்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, முகத்தை எடுக்காமல் கேட்டான், கடைசியில் ஒன்று மட்டும் கேட்டான். “அப்ப அவருக்கு நெசமாவே வயிறு வலிச்சிச்சாய்யா?” ஐயர் சத்தமாகச் சிரித்துவிட்டார். நல்ல கேள்வி, பிரசங்கத்தில் சொல்லலாம், ஜனங்கள் சிரிப்பார்கள், சிரித்தபின் யோசிப்பார்கள் என்று அப்போதே தோன்றியது. உனக்கு என்ன விஷயம் என்று கேட்டது ரூபன் எழுந்து நின்றபிறகுதான். ஒண்ணுமில்லய்யா, இன்னொரு நாள் வாரேன் என்றான். செருப்பைப் போடும்போது கால் மாறிப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டான். நாளைக்கு அந்தக் கேள்வியைச் சொல்ல முடியாது. கோயிலுக்குள் மாசிலாமணி இருப்பார். வேறொரு ஞாயிற்றுக்கிழமை, பேர் சொல்லாமல், ஒரு வாலிபன் என்று சொல்லலாம். இப்படி நினைத்ததும் அவருக்கே முகம் சுருங்கியது, ஆனால் சுருங்கிய முகத்தோடு அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை அமைத்தும் பார்த்துவிட்டார்: ஒருநாள் என்னிடம் ஒரு வாலிபன் கேட்டான்.

வயிற்றுவலி. போலீஸ்காரர்களும் அதைத்தான் எழுதியிருக்கிறார்களாம். தீராத வயிற்றுவலி. இந்தப் பக்கத்தில் யார் கிணற்றில் கிடந்தாலும், யார் எதைக் குடித்தாலும், பேப்பரில் வயிற்றுவலி என்றுதான் வரும். படிக்கிறவர்களும் புரிந்துகொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். கடன், காதல், அவமானம், வேலையில்லாமை, எல்லாம் கடைசியில் வயிற்றில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. லூக்காவுக்கும் இதை எழுதிய போலீஸ் ஏட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல கருத்து, இதையும் பிரசங்கத்தில் சொல்ல முடியாது. சரி, அவன் விழுந்தானா, குதித்தானா? மோட்டார் கொட்டகை கிணற்றின் இந்தப் பக்கம், அவனுடைய செருப்புகள் அந்தப் பக்கம் ஜோடியாக இருந்தன என்று பொன்னுத்துரை இரண்டு தடவை சொன்னார். இருட்டில் மோட்டார் போடப் போகிறவன் செருப்பை ஜோடியாக வைப்பானா? வைக்கலாம். ஒழுங்கான தகப்பனின் பிள்ளை. யூதாசின் சாவுக்கே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. மத்தேயு, நான்றுகொண்டு, அதாவது தூக்கில் தொங்கிச் செத்தான் என்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் அவன் தலைகீழாக விழுகிறான், வயிறு வெடித்து ஸ்ப்ளாங்க்னா எல்லாம் வெளியே கொட்டுகிறது. ஆமாம், அதே சொல், விதவையைப் பார்த்து ஆண்டவருக்குள் புரண்ட அதே உறுப்புகள், காட்டிக்கொடுத்தவனுக்கு நிலத்தில் கிடக்கின்றன. காட்டிக்கொடுத்தவனுக்குக்கூடத் தவறி விழ ஒரு வசனம் இடம் கொடுக்கிறது. கோயில்குட்டியார் மகனுக்கு இடமில்லையா? பேனாவை மூடினால், படியிறங்கினால், இருபது எட்டு எடுத்துவைத்தால் மணிக்கூண்டு. கால் தவறிட்டு மாசிலாமணி, போய் அடியும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பொன்னுத்துரை வருவார், மச்சானுக்கு ஒரு வார்த்தை போகும், மழைநாளும் நூலக ஜன்னலும் போகும். போகட்டுமே. ஆனால் கால் எழவில்லை. எழ வேண்டிய காரியம் காலில் இல்லை என்று ஐயர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது செயப்பாட்டு வினை. நானாக உருக முடியாது, உருக்கப்பட வேண்டும். முதலில் உள்ளே அது நடக்கட்டும், நடந்தால் எழுவேன், அதில் என்ன சந்தேகம். உண்மையாகவே காத்திருந்தார். இடது கையைச் சட்டைக்கு மேலாக வயிற்றில் வைத்துக்கொண்டு, மருத்துவர் அழுத்திப் பார்ப்பது போல மெல்ல அழுத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக அந்த மனிதரைப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது, மாசிலாமணியின் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, தலையில் ஒரு துண்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டால் என்ன? யாருக்குக் காட்டுவதற்காக இந்த வெயில்? பார்த்தார், நன்றாகப் பார்த்தார். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் மத்தியான மணி ஞாபகத்துக்கு வந்தது. தினமும் பன்னிரண்டு மணிக்கு மத்தியான ஜெபத்துக்காக அடிப்பது. இரட்டை இரட்டையாக, வேகமாக, பள்ளிக்கூடத்து மணி போலக் கலகலவென்று. ஊரில் அடுப்படியில் இருக்கிறவர்கள் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார்கள். அதை யாரும் தடுக்க முடியாது, அது யாருடைய சாவுக்கும் உரியதல்ல. பெட்டியைப் பன்னிரண்டுக்குத் தூக்கச் சொன்னால், கோயில் வாசலைத் தாண்டுகிற நேரத்தில் மணி அடித்துக்கொண்டிருக்கும். வழக்கமும் மீறப்படவில்லை, பிள்ளையும் மணியில்லாமல் போகவில்லை. பொன்னுத்துரை என்ன சொல்ல முடியும்? ஐயருக்கு ஒரு கணம் சந்தோஷமே வந்துவிட்டது, கடினமான ஒரு வாக்கியத்தில் எழுவாய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் வருகிற அதே சந்தோஷம். கதவைத் திறந்து கூப்பிட்டார். மாசிலாமணி ஓடிவந்தார், இந்த வயதில் அப்படி ஓடிவரக்கூடாது. ஐயர் நிதானமாக விளக்கினார், பன்னிரண்டுக்குத் தூக்கச் சொல்லும், நீர் எப்போதும்போல மத்தியான மணியை அடியும், பெட்டி வாசலைத் தாண்டுகிறவரை நிறுத்தாமல் அடியும் என்றார். மாசிலாமணி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “அப்ப நான் பின்னால...” என்று ஆரம்பித்தார். ரூபனுக்கு அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, பெட்டிக்குப் பின்னால் நடக்க இரத்த உறவென்று இவர் ஒருவர்தான், இது ஐயருக்குத் தெரியாததல்ல. ஆனால் அமைத்துவிட்ட வாக்கியத்தில் இப்போது ஒரு சொல்லை உருவினால் எல்லாம் சரிந்துவிடும். “அடிச்சு முடிச்சு நீரு பின்னால ஓடினா அது துக்க மணியாப் போயிரும் மாசிலாமணி. எப்பவும் போல கூண்டுலயே நில்லும். அப்பத்தான் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது.” மாசிலாமணி அவருடைய முகத்தைப் பார்த்தார். ஐயர் முகத்தில் எதையோ தேடியது போல, தேடியது அங்கே இல்லாததால் கொஞ்சம் கீழே, சட்டைப் பொத்தானைப் பார்த்தது போல. கழுத்தில் துடித்த நரம்பு ஓய்ந்திருந்தது. “சரிங்கய்யா” என்றார். போகும்போது படியில் கிடந்த காய்ந்த வேப்பிலைகளைக் குனிந்து எடுத்துக்கொண்டு போனார், கையில் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது போல.

ஐயர் ஜன்னலிடம் திரும்பி வந்தார். எழுத உட்காரவில்லை, நின்றார். தெருமுனையில் பெட்டி தெரிந்தது, மலிவான பலகை, மேலே வெள்ளைத் துணி, நாலு பேர் தோளில், பின்னால் ஏழெட்டு ஆட்கள். பாட்டு இல்லை. பொன்னுத்துரை தன் வீட்டு வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தார், எண்ணிப் பார்ப்பவர் போல. மணி ஆரம்பித்தது. இரட்டை, இரட்டை, இரட்டை. கல்யாண வீட்டுக்கு அடிப்பது போலக் கலகலவென்று. மாசிலாமணியின் கைகள் மேலே போய்க் கீழே வந்தன, உடம்பு கயிற்றோடு சேர்ந்து எழும்பி இறங்கியது, முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. பெட்டி கோயில் வாசலுக்கு நேராக வந்தபோது அவர் திரும்பவில்லை. திரும்பாமலே, ஓர் அடி விழுந்தது, அடுத்த அடி விழவில்லை. கயிறு மேலேயே நின்றது. ஐயர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பரமண்டலங்களிலிருக்கிற. ஜெபம் சொல்கிறாரா? ஒற்றை மணிக்கு மாறிவிட்டாரா? நாமம் பரிசுத்தப்படுவதாக. பொன்னுத்துரை குடையை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும், அடுப்படிகளில் கண் மூடி நிற்கிற ஒவ்வொருத்தியும் அந்த இடைவெளிக்குள் காதை வைத்திருப்பாள். வேண்டாம், மாசிலாமணி, வேண்டாம் என்று ஐயர் முணுமுணுத்தார், இந்தக் காலை முழுவதும் எந்த ஜெபத்திலும் வராத தீவிரம் அதில் இருந்தது. அடி விழுந்தது. உடனே இன்னொன்று. இரட்டை, இரட்டை. பெட்டி தாண்டிப் போய்விட்டது. மேற்குச் சுவர்ப் பக்கம் புழுதி மட்டும் கொஞ்சநேரம் நின்றது. மணி ஓய்ந்தபிறகு மாசிலாமணி கயிற்றைக் கொக்கியில் மாட்டினார், கூண்டுக்குள் சுவரில் சாய்ந்து, சொன்னபடியே நின்றார்.

ஐயரின் மனைவி கமலம் ஈரக் கையோடு அறை வாசலில் வந்து நின்றிருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். எவ்வளவு நேரமாக நின்றாளோ. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: “பெத்த மனுசன். பின்னால நாலு எட்டு நடந்திருப்பாரு. அவரைப் போயி கயிறு பிடிக்க வச்சிட்டியளே.” அவர் விளக்க நினைத்தார். வழக்கம் இப்படி, செயலாளர் இப்படி, இதில் நான் எடுத்த முடிவு எப்படிப்பட்ட இரக்கம் என்று. வாயைத் திறந்தபோது வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. மெல்ல, ஆனால் சந்தேகமில்லாமல். விலாவுக்குக் கீழே ஒரு முறுக்கு, பிறகு ஒரு புரளல், உள்ளே யாரோ திரும்பிப் படுப்பது போல. ஐயர் அசையாமல் நின்றார். கையை வயிற்றின்மேல் வைத்தார். கண்ணில் நீர்கூடக் கட்டியது. வந்துவிட்டது என்று நினைத்தார், தாமதமாகத்தான், ஆனால் வந்துவிட்டது, இதைத்தான் லூக்கா எழுதினார், நானும் ஒரு எழுவாய். அப்படியே நின்று அது வளர்வதற்காகக் காத்திருந்தார். அடுக்களையிலிருந்து தேங்காய் அரைத்துவிட்ட சாளைமீன் குழம்பின் வாசனை கூடத்தைத் தாண்டி வந்தது. வயிறு மறுபடி புரண்டது, இந்த முறை சத்தத்தோடு, கமலத்துக்குக் கேட்கிற சத்தத்தோடு. அவள் அவருடைய வயிற்றைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். “எலை போட்டாச்சி, வாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். ஐயர் கைகழுவப் போனார்.